பெரிய டயர் மாட்டலாமா? ஃபோர் வீல் வண்டிக்காரர்களுக்குக் கேள்வி பதில்

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஃபோர் வீல் ஓட்டும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. செந்தூல் பட்டறையில் நான் தினமும் கேட்பதும் இதைத்தான். அளவு பார்க்கப் பழகிக்கொண்டால் பாதிச் சந்தேகம் தானே தீரும். அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (செராஸ்): அண்ணே, என்னுடையது ஹைலக்ஸ். கம்பெனி டயர் 265/65ஆர்17. அதைக் கழற்றிவிட்டு 285/70ஆர்17 போட ஆசை. ரிம் மாற்ற வேண்டாம், அப்படியே ஏறும் என்கிறார் டயர் கடைக்காரர். போடலாமா?

பதில்: ரிம்மில் ஏறும் தம்பி. மட்கார்டுக்குள் சுற்றுமா என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 17 ரிம்மின் விட்டம், இன்ச்சில். ரிம்மோடு மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவரையும் கூட்டினால் உங்கள் பழைய டயரின் உயரம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர். 285/70ஆர்17 என்றால் 831. வித்தியாசம் 55 என்றாலும், அச்சு உயர்வது அதில் பாதிதான், 27 மில்லிமீட்டர். உங்களுக்குக் கிடைக்கும் லாபம் அந்த ஒரு விரல்கட்டை. சின்னதாகத் தெரியலாம். ஆனால் பின் அச்சின் நடுவில் தொங்கும் கியர் உருண்டையை, அதாவது டிஃப்பைத் தரையிலிருந்து தூக்க டயரைத் தவிர வேறு வழி கிடையாது. ஸ்பிரிங் உயர்த்தினால் பாடி மேலே போகும், டிஃப் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

இப்போது செலவுப் பக்கம். டயர் 7 சதவீதம் பெரிசானால், எல்லா கியரும் 7 சதவீதம் நீண்ட மாதிரி. ஏற்றத்தில் இழுவை அந்த அளவுக்குக் குறையும். பிரேக்குக்கும் அதே கதைதான். டிஸ்க் பழைய அளவில் இருக்க, அது நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிசாகிவிட்டது. எடையும் கூடும். தடித்த பக்கச்சுவர் கொண்ட லோரி ரக டயராகப் போட்டால் ஒவ்வொன்றும் கம்பெனி டயரைவிட எட்டு, பத்து கிலோ அதிகம் வரும். அதைத் தாங்குவது முன்சக்கரத்தைப் பிடித்து, திருப்பி, சுற்ற வைக்கும் உங்கள் பால் ஜாயின்ட், டை ராட், சிவி ஜாயின்ட். எண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும்.

உரசுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே அளவு டயர் ஒன்றை இரவல் வாங்கி முன்பக்கம் மாட்டுங்கள். அந்தச் சக்கரத்தை ஓர் உயரமான கட்டையில் ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால், கீழே, கேபின் சேஸில் உட்காரும் இடம் இருக்கிறதே, அங்கேதான் முதலில் முட்டும். பிறகு உள் பிளாஸ்டிக். இரண்டு விரல் நுழைய இடம் இல்லை என்றால் அந்த அளவு உங்கள் வண்டிக்கு இல்லை. சமதரையில் கடைக்காரர் ஒடித்துக் காட்டுவதை நம்பாதீர்கள். ஸ்பிரிங் அமுங்காமல் எதுவும் தெரியாது.

என் யோசனை 265/70ஆர்17. உயரம் 803, வித்தியாசம் மூன்றரை சதவீதத்துக்கும் குறைவு. வாரநாளில் வேலைக்குப் போய்விட்டு மாதத்தில் ஒருமுறை காட்டுப்பக்கம் எட்டிப் பார்ப்பவருக்கு இது போதும்.

ஸ்பேர் டயரும் அதே அளவில் வாங்க வேண்டும். பின்தட்டுக்கு அடியில் அது ஏறுமா என்று காசு கொடுப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

கேள்வி (கிள்ளான்): 285/70 போட்ட பிறகு ஸ்பீட் மீட்டர் சரியாகக் காட்டுமா?

பதில்: குறைத்துக் காட்டும். மீட்டர் 110 என்றால் நீங்கள் போவது 118-க்குப் பக்கம். நெடுஞ்சாலைக் கேமராவுக்கு உங்கள் மீட்டர் தெரியாது. கைப்பேசியில் வேஸ் வழிகாட்டி காட்டும் வேகத்தை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். 3 சதவீத வித்தியாசம் என்றால் பயமில்லை. கம்பெனி மீட்டர்கள் வழக்கமாகவே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

கேள்வி (பெட்டாலிங் ஜெயா): அண்ணா, நான் ஜிம்னி ஓட்டுகிறேன். ஊரில் எல்லாரும் 235/75ஆர்15 போடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. போடட்டுமா?

பதில்: அழகு உண்மைதான் தங்கச்சி. ஆனால் 1.5 லிட்டர் எஞ்சின், நான்கு கியர் ஆட்டோ. கம்பெனி டயர் 195/80ஆர்15, உயரம் 693. நீங்கள் கேட்பது 733. ஆறு சதவீதத்துக்கு நெருக்கம். கெந்திங் ஏற்றத்தில் கியர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சகதிக்கும் செங்குத்து ஏற்றத்துக்கும் போடும் லோ ரேஞ்ச் கியரும் 2.0 விகிதம்தான், பெரிய டயரைச் சமாளிக்க அதில் அவ்வளவு கையிருப்பு இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஜிம்னியின் எடை 1,100 கிலோவைச் சுற்றித்தான். பிக்கப்புக்கென்று செய்த தடித்த டயரை இதில் மாட்டினால் பக்கச்சுவர் வளையவே வளையாது. கல்லில் வண்டி துள்ளும், பிடிப்பும் குறையும். சுமை எண் குறைந்த, மெல்லிய சுவர் டயராகத் தேடுங்கள். 215/75ஆர்15 உங்களுக்கு நிம்மதி. ஸ்பேர் பின்கதவில் தொங்குவதால் எடை கூடினால் கீல் தளரும், அதையும் கவனியுங்கள்.

கேள்வி (காஜாங்): தினமும் பெடரல் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறேன். எம்டி (சகதி) டயர் போடலாமா?

பதில்: வேண்டாம். எம்டியின் பூ, அதாவது தரையைத் தொடும் ரப்பர் வெட்டு, கட்டைகட்டையாக, இடைவெளி அகலமாக இருக்கும். சகதிக்கு அது நல்லது. நனைந்த தாரில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, நிற்கும் தூரம் நீளும். நம் ஊரில் மாலையானால் மழை. முன்னால் போகிற மோட்டார் சைக்கிள்காரர் திடீரென்று பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏடி டயர் போடுங்கள்.

கேள்வி (ரவாங்): பத்தாங் காலிப் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் மழைக்குப் பிறகு மாட்டிக்கொண்டேன். அதனால்தான் பெரிய டயர் தேடுகிறேன்.

பதில்: காற்றை இறக்கினீர்களா? இல்லை என்றால் டயர் வாங்கும் காசு பையிலேயே இருக்கட்டும்.

இரண்டு டன் வண்டியில் ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ. காற்று 32 பிஎஸ்ஐ என்றால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 220 சதுர சென்டிமீட்டர். 16 பிஎஸ்ஐக்கு இறக்கினால் ஏறக்குறைய இரட்டிப்பு. பக்கச்சுவரும் கொஞ்சம் தாங்குவதால் அச்சு அசலாக இரண்டு மடங்கு வராது, ஆனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டயர் எவ்வளவு பெரிசானாலும் 32-லேயே வைத்திருந்தால் அந்தப் பரப்பு பெரிதாக மாறாது. 18, 20-இல் தொடங்குங்கள். 15-க்குக் கீழே போனால் திரும்பும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். காற்று குறைந்த நிலையில் மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடித்துவிடுங்கள்.

கேள்வி (கோல குபு பாரு): ஐயா, நான் தோட்டத்தில் வேலை பார்த்தவன். அந்தக் காலத்து லேண்ட் ரோவரில் 7.50-16 என்று ஒல்லியான டயர்தான். போகாத இடம் இல்லை. இப்போது எல்லாரும் அகலம் அகலம் என்கிறார்கள். ஒல்லியானதுதான் சகதியை வெட்டிக்கொண்டு கெட்டித் தரையைப் பிடிக்கும்.

கேள்வி (ஷா ஆலம்): மேலே எழுதிய பெரியவருக்கு: வெட்டிக்கொண்டு இறங்கினால் வண்டி வயிற்றில் உட்காரும். அகலமான டயர் மேலே மிதக்கும். பந்திங் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பதில்: இரண்டு பேரும் பார்த்த மண் வேறு, அதனால்தான் சண்டை. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்காமலே அகல டயர் வாங்கிவிடுகிறார்கள். அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

ஐயா சொல்வது தோட்டத்துச் செம்மண்ணுக்குச் சரி. அங்கே மேலே நாலு விரல் சேறு, கீழே லோரி ஓடி ஓடி இறுகின தரை. உயரமான ஒல்லி டயர் அந்தச் சேற்றைப் பிளந்து அடியைத் தொடும். 7.50-16 ஏறக்குறைய 32 இன்ச் உயரம், ஆகவே அந்த லேண்ட் ரோவர்களில் டிஃப்பும் தரையைவிட்டு நன்றாகத் தள்ளி இருந்தது. ஒல்லி என்பதோடு உயரமும் சேர்ந்துதான் வேலை செய்தது, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஷா ஆலம் தம்பி சொல்வது பந்திங், கோல லங்காட் பக்கத்துக் கரிமண். அது காலங்காலமாக மக்கிய இலைதழை. அடி என்பதே கிடையாது. அங்கே வெட்டிக்கொண்டு இறங்கும் டயர் இறங்கிக்கொண்டே இருக்கும். அகலமும் குறைந்த காற்றும் மெதுவான ஓட்டமும் வேண்டும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, இரண்டு பேரும் சொல்லாதது. பாலாக் லோரி, அதாவது வெட்டுமரம் ஏற்றும் லோரி போன காட்டுப்பாதை. இரண்டு பக்கமும் ஆழமான சக்கரத்தடம், நடுவில் மேடு. அங்கே அகலமான டயர் தடத்தின் சுவரைத் தேய்த்துக்கொண்டே போகும், ஸ்டீயரிங் கையில் நிற்காது. தடத்தின் ஆழம் டிஃப்பின் உயரத்தைத் தாண்டிவிட்டால் டிஃப் மேட்டில் உட்கார்ந்துவிடும். அப்புறம் நான்கு சக்கரமும் சுற்றும், வண்டி நகராது. அங்கே பேசுவது டயரின் உயரம் மட்டும்தான்.

சகதியில் நிறுத்தினால் இறங்கி டயரைப் பாருங்கள். பூவின் பள்ளங்களில் களிமண் மட்டமாக அடைத்து, டயர் வழவழவென்று இருக்கிறதா? அப்படியென்றால் அந்த மண்ணை உங்கள் டயர் உதறவில்லை, அகலத்தைக் கூட்டினாலும் அதே கதிதான். பள்ளம் பள்ளமாகத் தெரிந்தும் வழுக்குகிறது என்றால் காற்றைக் குறையுங்கள். இதைப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. ஆனால் எல்லாரும் உள்ளே உட்கார்ந்து எண்ணெய் அழுத்திக் குழியை ஆழமாக்குகிறார்கள்.

கேள்வி (கோல குபு பாரு, மீண்டும்): கரிமண்ணை நான் ஓட்டியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிலாங்கூரில் தோட்டம்தானே அதிகம்? அப்படியானால் ஒல்லிதானே?

பதில்: நீங்கள் போகிற இடத்துக்கு ஆமாம் ஐயா. 255, 265 அகலத்துக்கு மேல் போகாமல் உயரத்தை மட்டும் ஒரு படி கூட்டச் சொல்வதும் அதனால்தான்.

கேள்வி (அம்பாங்): ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் வண்டிகளில் எவ்வளவு பெரிய டயர்! நாமும் அப்படிப் போட்டால் என்ன?

பதில்: 1997-இல் தொடங்கிய போட்டி அது, வருடக் கடைசி மழையில் நடப்பது. அந்த வண்டிகளில் டிஃப் கியர் மாற்றியிருப்பார்கள், இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர், கம்பியால் இழுக்கும் வின்ச் எல்லாம் இருக்கும், வண்டியை வீட்டிலிருந்து டிரெய்லரில் கொண்டுவருபவர்களும் உண்டு. டயரை மட்டும் காப்பி அடித்தால் உடைவது உங்கள் சிவி ஜாயின்ட்.

கேள்வி (பூச்சோங்): ஹைலக்ஸுக்கு 285/70ஆர்17 ஏறுமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி (சுபாங்): ரேஞ்சருக்கு 285/70ஆர்17?

பதில்: வண்டி வேறு, அளக்கும் முறை ஒன்றுதான். முதல் பதிலில் கட்டையில் ஏற்றிப் பார்ப்பதை எழுதியிருக்கிறேன். அதைச் செய்யாமல் ஏறும், ஏறாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நானே சொன்னாலும்.

கேள்வி (செலாயாங்): காசு இப்போது இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது. பின்னால் மட்டும் பெரிசு போட்டுவிட்டு, முன்னால் அடுத்த மாதம் போடலாமா?

பதில்: கண்டிப்பாகக் கூடாது. நம் பிக்கப்புகளில் பெரும்பாலும் ஃபோர் வீலைப் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். டயர் உயரம் வேறு வேறு என்றால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்ற முடியாமல் முறுக்கேறி, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும். காசு சேரும்வரை பழைய டயரிலேயே ஓட்டுங்கள். சேர்க்கும்போது ஐந்து டயருக்குச் சேருங்கள். ஸ்பேர் மட்டும் பழைய அளவில் இருந்தால், காட்டுக்குள் பஞ்சராகும் அன்றைக்கு இதே கதைதான்.

கேள்வி (கெப்போங்): டயர் மட்கார்டுக்கு வெளியே இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் போட்டிருக்கிறேன். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பிடிப்பார்களா?

பதில்: பிடிப்பார்கள், பிடிக்கவும் வேண்டும். நீட்டிய டயர் வாரிவிடும் கல் பின்னால் வருபவர் கண்ணாடியில் விழும். வண்டியின் அமைப்பை மாற்ற 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி அனுமதி தேவை. செய்வதற்கு முன்பே ஜேபிஜேயிடமும் வண்டிப் பரிசோதனை செய்யும் புஸ்பாகோமிடமும் விசாரியுங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுங்கள். விபத்துக்குப் பிறகு மாற்றத்தைச் சொன்னால் இழப்பீட்டில் தகராறு வரும். ஸ்பேசர் வீல் பேரிங்கின் சுமையையும் கூட்டும். கழற்றிவிடுங்கள்.

கேள்வி (பத்துமலை): பாதி விலைக்குப் பழைய 33 இன்ச் செட் கிடைக்கிறது. பூ நன்றாக இருக்கிறது.

பதில்: பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு எண் இருக்கும். 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழசு என்றால் வேண்டாம். ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. விரலால் சுவரை வளைத்துப் பாருங்கள், நூல் மாதிரி வெடிப்பு தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி (ஸ்தாப்பாக்): மைவிக்கு 17 இன்ச் ரிம் போடலாமா?

பதில்: அது என் துறை இல்லை. கார் ரிம் கடையில் கேளுங்கள்.

கேள்வி (உலு லங்காட்): கம்பெனி டயரில் பூ இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. அடுத்த மாதம் நண்பர்களோடு முதல்முறையாகக் காட்டுப்பாதைக்குப் போகிறோம். அதற்குள் டயர் மாற்றிவிடவா?

பதில்: மாற்ற வேண்டாம் தம்பி. இருப்பதிலேயே போய் வாருங்கள். வனக்காப்பகம் என்றால் மாநில வனத்துறை அனுமதி வேண்டும், இப்போதே விண்ணப்பியுங்கள். தனி வண்டியாகப் போகாதீர்கள். காற்றடிக்கும் கம்ப்ரெசர், காற்று அளக்கும் கருவி, இழுக்கும் பட்டை மூன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பாதை தொடங்கும் இடத்தில் 20 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். வண்டி எங்கே நின்றது, வயிறு தட்டியதா, சக்கரம் வெறுமனே சுற்றியதா என்று குறித்துவைத்துத் திரும்பி வந்து எனக்கு எழுதுங்கள். வயிறு தட்டியிருந்தால் உயரம் பேசுவோம். சக்கரம் சுற்றியிருந்தால் ஏடி டயர் பேசுவோம். ஸ்பேரில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.