கொட்டிலில் கிடந்த வெடிப்பெட்டி

கேள்வி: கன்னியாவில் அப்பப்பாவின் பழைய கொட்டிலைப் பிரித்தபோது ஒரு மரப்பெட்டி கிடைத்தது. அவர் கிணற்றுக்குக் கல் உடைக்கும் வேலை செய்தவர். உள்ளே மெழுகுத்தாள் சுற்றிய குச்சிகள். தாளெல்லாம் எண்ணெய்க் கறை. பெட்டியில் ‘நோபல்’, ‘ஸ்கொட்லாந்து’ என்று இருக்கிறது. இத்தனை வருடத்தில் வீரியம் போயிருக்கும்தானே? கடலில் போட்டுவிடலாமா? பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ள ஆசை.

பதில்: வீரியம் போகவில்லை, குணம்தான் கெட்டிருக்கிறது. அந்த எண்ணெய்க் கறையே எனக்குப் பயம்: அது வெடிக்குச்சிகளிலிருந்து கசிந்த நைட்ரோகிளிசரினாக இருக்கலாம்.

1847இல் இத்தாலியர் சொப்ரேரோ கண்டுபிடித்த நைட்ரோகிளிசரின், லேசான அதிர்ச்சிக்கே வெடிக்கும் திரவம். 1864இல் ஸ்டொக்ஹோமில் நடந்த வெடிவிபத்தில் அல்பிரட் நோபலின் தம்பி எமிலும் இறந்தார். நோபல் அதை ஒருவகை மண்ணில் ஊறவைத்து அடக்கி, 1867இல் டைனமைற் என்று காப்புரிமை எடுத்தார். 1875இல் பசை போன்ற வகை வந்தது. கல் உடைப்பவர்கள் சொல்லும் ஜெலிக்னைற் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அடக்கிவைத்த திரவம் எப்போதும் அடங்கிக் கிடக்காது. நம்மூர் வெக்கையில் வருடக்கணக்கில் கிடந்தால் வியர்ப்பதுபோல வெளியே கசியும். அப்போது உங்கள் கையில் இருப்பது டைனமைற் வருவதற்கு முந்திய அந்த அடங்காத திரவம்தான்.

ஸ்கொட்லாந்து என்றால் அநேகமாக ஆர்டீர். 1871இல் நோபலின் கம்பனி அந்தக் கடற்கரையைத் தேர்ந்ததே ஆள் நடமாட்டம் குறைவு என்பதால். ஒரு கொட்டகை வெடித்தால் பக்கத்துக் கொட்டகை தப்பட்டும் என்று இடையில் மணல்மேடுகளை விட்டார்கள். திரவத்தின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒற்றைக்கால் முக்காலி. கண் அயர்ந்தால் விழுந்துவிடுவார். (ஒற்றைக்காலை முக்காலி என்பது நம் தமிழின் தாராளம்.) அந்தக் கம்பனி 1926இல் வேறு கம்பனிகளோடு இணைந்து ஐ.சி.ஐ. என்ற பெரிய இரசாயனக் கம்பனியான பிறகும் நோபல் பெயர் நீடித்தது. ஆகவே பெயரை வைத்துப் பெட்டியின் வயதைச் சொல்லமுடியாது. இன்று குவாரிகளில் பெரும்பாலும் நைட்ரோகிளிசரின் இல்லாத, நீர் கலந்த பசைவகைகள்தான். அவற்றைக் கையாள்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவதும் சரிவராது.

சரி, செய்யவேண்டியது: இனி அந்தப் பக்கம் போகவேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். கொட்டில் வேலையை நிறுத்தி, பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் விலக்கி, தூரப் போய் 119க்குச் சொல்லுங்கள். பொலிஸ் உங்களையே சந்தேகிக்குமோ என்று யோசித்தால் கிராம அலுவலரையும் கூட்டிக்கொள்ளுங்கள். மறைத்து வைத்தால்தான் வில்லங்கம். அப்புறம் குண்டு செயலிழக்கச் செய்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கடலா? தூக்கிக்கொண்டு போவதே ஆபத்து. போய்ச் சேர்ந்தாலும் யாரோ வலையில் இழுப்பார், அல்லது மீனுக்கு வெடி போடுகிறவன் கையில் சிக்கும்.

பெட்டியும் கிடைக்காது, பலகை அந்த எண்ணெயை உறிஞ்சியிருக்கும். அதைப் புரட்டிப் பார்த்த அன்று தலையிடி வந்ததா? நைட்ரோகிளிசரின் தோல் வழியே இறங்கி இரத்தக்குழாய்களை விரிக்கும். வெடித் தொழிற்சாலைக்காரருக்கு அது பழகிய தலையிடி. கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். தலையிடி விடாவிட்டால் வைத்தியரிடம் எதைத் தொட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.