கால் தசைக்கு எம்.ஆர்.ஐ. எதற்கு?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்:

“என் மகனுக்கு 20 வயது. பள்ளியில் கபடி ஆடியவன். ஒன்றரை வருடமாகப் படி ஏறத் திணறுகிறான். போன பொங்கலுக்குப் பரணில் இருந்த பித்தளைப் பாத்திரத்தை எடுக்கச் சொன்னேன். குதிகாலைத் தூக்கி எம்பி நிற்க முடியவில்லை. ரத்தத்தில் சி.பி.கே. (தசை கெட்டால் ரத்தத்தில் கூடும் நொதி) 9,800. தசை அழற்சி என்று எட்டு மாதம் ஸ்டீராய்டு கொடுத்தார்கள், முகம் உப்பியதுதான் மிச்சம். இப்போது மதுரையில் வேறு டாக்டர், பரம்பரை நோயாக இருக்கலாம், இரண்டு காலுக்கும் எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்கிறார். பரம்பரை என்றால் மரபணு சோதனை போதாதா? நானும் என் கணவரும் மாமன் மகள், அத்தை மகன். 16 வயதில் மகள் இருக்கிறாள். அவளுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?”

மகனுக்கு எடுங்கள் அம்மா. மரபணு சோதனையும் வேண்டும், ஆனால் ஸ்கேன் முன்னால் வரட்டும். மகளுக்கு இப்போது ஸ்கேன் வேண்டாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மரபணுக் குறை உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கிறது. ஆனாலும் எல்லாத் தசையும் ஒன்றாகக் கெடுவதில்லை. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தசைகளில் ஒன்று முழுக்கக் கொழுப்பாகியிருக்கும், மற்றது அப்படியே இருக்கும். எது கெடுகிறது, எது தப்புகிறது என்பது நோய்க்கு நோய் வேறு. அந்த வரிசையைத்தான் எம்.ஆர்.ஐ.யில் தேடுகிறோம்.

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிப் பலகையின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒவ்வொரு வண்ணக் கலவையை ஊற்றுவார்கள். தொடையைக் குறுக்கே வெட்டினாற்போல் வரும் எம்.ஆர்.ஐ. படமும் ஏறக்குறைய அப்படித்தான். வெளியே தோலடிக் கொழுப்பு வெள்ளையாகச் சுற்றி நிற்கும். நடுவில் கறுப்பு வளையமாக எலும்பு. இடையில் கட்டம் கட்டமாகத் தசைகள். நல்ல தசை அடர்ந்த சாம்பல் நிறம், கொழுப்பாகிப்போன தசை வெள்ளை. டி-1 என்ற வகைப் படத்தில் இது பளிச்சென்று தெரியும். எந்தக் கட்டம் வெளுத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போவதுதான் வேலை.

சில பரம்பரைத் தசை நோய்களைச் சொல்கிறேன். டூஷேன் தசைச்சிதைவில் பிட்டமும் தொடையும் வெளுத்துக்கொண்டே போகும்போது, உட்தொடையில் நாடாபோல் ஓடும் சார்ட்டோரியஸ், கிராசிலிஸ் ஆகியவை வெகுநாள் தாக்குப்பிடிக்கும். கால்பெய்ன் குறைபாட்டில் தொடையின் பின்பக்கமும் உட்பக்கமும் முதலில் போகும். ஜி.என்.இ. நோயில் பாதத்தைத் தூக்கும் முன்கால் தசை முதலில் தளர்வதால் நடக்கும்போது செருப்பு கழன்று விழும், ஆனால் முன்தொடை கடைசிவரை நன்றாக இருக்கும். கொலாஜன் 6 குறையில் வெளித்தொடைத் தசையின் ஓரம் மட்டும் வெளுத்து நடு தப்பியிருக்கும். உங்கள் மகனுக்குக் குதிகால் தூக்க முடியவில்லை என்கிறீர்கள். அது கெண்டைக்கால் தசையின் வேலை. விளையாட்டில் கெட்டிக்காரனாக இருந்த பையனுக்கு இருபதை ஒட்டிக் கெண்டைக்கால் தளர்ந்து, சி.பி.கே.யும் ஆயிரக்கணக்கில் ஏறினால் (சாதாரணமாக 200-ஐ ஒட்டித்தான் இருக்கும்), டிஸ்ஃபெர்லின் என்ற புரதம் குறைகிறதோ என்று எங்களுக்கு முதலில் தோன்றும். அப்படியே இருக்கும் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். படத்தில் கெண்டைக்கால் வெளுத்திருந்தால் சந்தேகம் கெட்டிப்படும்.

ஸ்டீராய்டு விஷயம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் இது உங்கள் மகனுக்கு மட்டும் நடப்பதில்லை. தசையில் நீர் கோத்திருந்தால் அதைக் காட்டுவது ஸ்டிர் என்ற இன்னொரு வகைப் படம். அழற்சியிலும் அது வெளுக்கும், டிஸ்ஃபெர்லின் குறையிலும் வெளுக்கும். தசைத் துண்டு எடுத்துப் பார்த்தாலும் அழற்சிச் செல்கள் தென்படலாம். அதனால் பாலிமயோசைட்டிஸ், அதாவது தசை அழற்சி நோய், என்று பெயர் வைத்து மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள். டிஸ்ஃபெர்லின் குறை உள்ள 25 பேருக்கு டெஃப்ளசகார்ட் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்த ஜெர்மனி ஆய்வு 2013-ல் வெளிவந்தது. பலம் கூடவில்லை, மருந்து சாப்பிட்ட காலத்தில் குறையும் போக்குதான் தெரிந்தது. ஆகவே ஸ்டிர் படத்தைத் தனியாக வைத்து முடிவு கட்டக் கூடாது, டி-1 வரிசையோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: இன்னும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறான் என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

(இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன். ஈரல் சோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. நொதிகள் கூடியிருந்தால் ஈரல் கெட்டுவிட்டது என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். அந்த இரண்டும் தசையிலிருந்தும் வரும். சி.பி.கே. பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.)

சரி, மரபணு சோதனை மட்டும் ஏன் போதாது? டிஸ்ஃபெர்லின் மரபணுவில் மட்டும் 55 எக்ஸான்கள், அதாவது குறியீட்டுத் துண்டுகள். இதுபோல் நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே சோதனையில் படிக்கும்போது, நோய் தருமா தராதா என்று தெளிவாகாத மாற்றம் ஒன்றிரண்டு எப்படியும் வந்து நிற்கும். எதை நம்புவது? வெளுத்த தசைகளின் வரிசை எந்த மரபணுவோடு பொருந்துகிறதோ அதைத்தான் முதலில் கவனிப்போம். தசைத் துண்டு எடுக்க வேண்டி வந்தாலும் எந்த இடத்தில் எடுப்பது என்று படம் சொல்லும். முழுக்கக் கொழுப்பான இடத்தில் எடுத்தால் பிள்ளைக்கு வலிதான், விடை கிடைக்காது.

படம் எடுக்கப் போகும்போது சிலவற்றைச் சொல்லிவிடுங்கள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலும் வேண்டும், சில நோய்களில் ஒரு பக்கம் முந்திக் கெடும். டி-1, ஸ்டிர் இரண்டும் வேண்டும். பெரும்பாலும் மருந்து ஊசி தேவைப்படாது. கதிர்வீச்சும் கிடையாது. முக்கால் மணி நேரம்போல் அசையாமல் படுக்க வேண்டியிருக்கும். வெள்ளி அரைஞாணைக் கழற்றிவிட்டுப் போகட்டும். அதற்கு முந்தைய சில நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம், தசையில் நீர் கோத்ததுபோல் காட்டும். ஈ.எம்.ஜி. என்ற, தசையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் ஊசிச் சோதனை எழுதியிருந்தால் அதை ஸ்கேனுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலிமோடு சி.டி.யும் கேட்டு வாங்குங்கள். “தசைகளில் கொழுப்பு படிந்துள்ளது” என்று ஒரே வரியில் அறிக்கை வந்தால் பயனில்லை, எந்தெந்தத் தசை, எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

இந்தப் படத்தைப் பத்திரமாக வையுங்கள். எஃப்.கே.ஆர்.பி. என்ற மரபணுவின் குறையால் தசை நோய் வந்த 32 பேரை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013-ல் வந்தது. அந்த ஒரு வருடத்தில் அவர்களுடைய தசை பலத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ.யில் மட்டும் பல தசைகளில் கொழுப்பு ஏறியிருந்தது. நாளைக்குப் புது மருந்து வந்து பரிசோதித்தால், பலன் இருக்கிறதா என்று இப்படித்தான் அளப்பார்கள். அன்றைக்கு ஒப்பிட இன்றைய படம் உதவும்.

இப்போது உங்கள் மகள். மகனுக்கு நான் சொன்ன வகை நோய்தான் என்றால், இரண்டு பெற்றோரிடமிருந்தும் மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. உங்கள் விஷயத்தில் இருவருக்கும் பொதுவான தாத்தா பாட்டியில் ஒருவரிடமிருந்து அந்தப் பிரதி இரண்டு வழியாகவும் வந்திருக்கலாம். சொந்தத்தில் கட்டியதால்தான் என்று வீட்டில் யாரும் உங்களைக் குற்றம் சொல்ல விடாதீர்கள். உறவே இல்லாதவர்களுக்கும் இப்படி அமைகிறது.

அவளுக்குத் தளர்ச்சி இருந்தால் இப்போதே சி.பி.கே. பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் முதலில் அண்ணனுடைய மரபணு முடிவு வரட்டும். 18 ஆனபின், மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு, சோதிப்பதா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும். அவளுக்கு நோய் இல்லை என்றாலும் பழுதான பிரதி ஒன்றைச் சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. சுமந்தாலும் அவளுக்கு ஒன்றும் செய்யாது. கணவனும் அதே மரபணுவின் பழுதான பிரதியைச் சுமந்தால்தான் பிள்ளைகளுக்குச் சிக்கல், சொந்தத்துக்குள் மாப்பிள்ளை பார்த்தால் அந்த வாய்ப்பு கூடும். அவளுக்கு வரன் பேசத் தொடங்குவதற்கு முன்னால் அண்ணனுடைய மரபணு அறிக்கை உங்கள் கையில் இருக்க வேண்டும்.