உறைத் தொட்டிக் கணக்கு: விட்டமா, உயரமா?

கேள்வி: சார், வீட்டில் 3 அடி விட்டமுள்ள உறையில் (சிமென்ட் வளையத்தில்) தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும். 6 அடி உறை இறக்கினால் சரியாக வருமா?

பதில்: நான்கு மடங்கு வந்துவிடும். 3 அடி உறை, ஓரடி உயரத்துக்கு ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். 6 அடி உறை அதே ஓரடிக்கு 800 லிட்டர். கணக்கில் விட்டத்தை இரண்டு முறை பெருக்குகிறோம், உயரத்தை ஒரே முறைதான். உங்களுக்கு 4¼ அடி விட்டமே போதும். அளப்பது உள் விட்டமாக இருக்கட்டும். சுவர் 2 அங்குலம் இருக்கும் 3 அடி உறையை வெளியே அளந்தால் 3 அடி 4 அங்குலம் வரும். 200 லிட்டர் 247 ஆகத் தெரியும். டேப்பின் ஒரு முனையை உள்சுவரில் அழுத்திக்கொண்டு மறுமுனையை நகர்த்துங்கள், கிடைக்கும் பெரிய அளவுதான் விட்டம்.

கேள்வி: விட்டத்தைப் பாதியாக்கி உயரத்தை இரட்டித்தால் சமம்தானே?

பதில்: இல்லை, பாதிதான். சமமாக வர உயரம் நான்கு மடங்கு வேண்டும்.

கேள்வி: 8க்கு 4 அடி தகரத்தை உருளையாக வளைத்து நெல் கொட்டப் போகிறேன். எப்படி வளைத்தாலும் தகரம் அதேதானே, கொள்ளளவும் அதேதானே?

பதில்: தகரம் அதே, கொள்ளளவு வேறு. 4 அடி உயரமாக நிறுத்தினால் 20.4 கன அடி. 8 அடி உயரமாக நிறுத்தினால் 10.2தான்.

அதே நண்பர்: பரப்பு மாறவில்லையே, நெல் எங்கே போகும்? உங்கள் கணக்கில்தான் கோளாறு.

பதில்: பரப்பு என்பது சுவருக்கு மட்டும். 8 அடி சுற்றளவை 4 அடியாகக் குறைத்தால் அடித்தளம் கால்பங்காகிறது. உயரம் இரட்டித்தும் பாதிதான் மீட்க முடியும். கலிலியோவே 1638இல் தானியச் சாக்கை வைத்து இதைத்தான் எழுதினார்: ஒரே துணியில் தைத்தாலும், குட்டைப் பக்கத்தை உயரமாக வைத்த சாக்கு அதிகம் கொள்ளும். நம்பிக்கை வராவிட்டால் பழைய அட்டை ஒன்றை இரண்டு விதமாகவும் சுருட்டி, அரிசி நிரப்பி, படியால் அளந்து பாருங்கள்.

கேள்வி: 3 அடியை 4 அடியாக்கினால்?

பதில்: மேலே சொன்னதுதான். 16ஐ 9ஆல் வகுங்கள்; ஓரடிக்கு 356 லிட்டர். உள் விட்டம்.

கேள்வி: பைக் இன்ஜினில் போரை (சிலிண்டரின் உள் விட்டத்தை) 1 மி.மீ. கூட்டலாமா?

பதில்: சூத்திரம் இதேதான். ஆனால் சுவர் தாங்குமா என்பதை மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கேள்வி: படுக்கைவாட்டில் கிடக்கும் உருளை டீசல் தொட்டியில் கால் உயரம் நின்றால் கால் பங்கா?

பதில்: நல்ல கேள்வி. கால் உயரத்தில் 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். பாதி உயரத்தில் மட்டும் சரியாகப் பாதி. அளவுக்கோலில் சமமாகக் கோடு போட்டுவைத்தால் பாதிக்குக் கீழே எப்போதும் அதிகமாகக் காட்டும். லிட்டர் லிட்டராக ஊற்றிக் குறியிடுங்கள்.