மலையேறும் காருக்கு ரீமேன் கியர்பாக்ஸ்: 2.32 லட்சம் போடலாமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். ஏற்காட்டில் வேலை. மாதம் 25 நாள் காரில்தான் மலையேறி இறங்குகிறேன். 2015-ல் பதிவான டீசல் செடான், 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், 1,10,000 கி.மீ. ஓடியது. இப்போது ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. கம்பெனி சர்வீஸில் புது கியர்பாக்ஸுக்கு 3.6 லட்சம் கேட்கிறார்கள். ரீமேனுபேக்சர் செய்தது 1.5 லட்சம் + ஜிஎஸ்டி என்று ஒரு கொட்டேஷன் வந்திருக்கிறது. பழைய வண்டியில் கழற்றியது 60,000-க்குக் கிடைக்கும் என்கிறார் மெக்கானிக். வண்டியை இப்படியே கொடுத்தால் 1.4 லட்சம், நன்றாக ஓடினால் 3.4 லட்சம் போகும். கையில் 2 லட்சம் சேமிப்பும் 12 பவுன் நகையும் இருக்கின்றன. மாதம் 14,000 வரை ஒதுக்க முடியும். வங்கி 14 சதவீதத்தில் தனிநபர் கடன் தருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ரீமேன் (ரீமேனுபேக்சர் செய்த) கியர்பாக்ஸ் போடுங்கள். ஆனால் வண்டியை இன்னும் நான்கு ஆண்டு வைத்துக்கொள்வதாக இருந்தால் மட்டும். தனிநபர் கடன் வேண்டாம்.

பணம் கட்டும் முன் கியர்பாக்ஸ்தான் போயிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆயில் குறைந்தாலும், ஆயிலைத் திறந்து மூடும் சொலினாய்டு என்ற மின்வால்வு ஒட்டிக்கொண்டாலும், ஒயரிங் பழுதானாலும் கியர் இதேபோல வழுக்கும். அவை சில ஆயிரங்களில் முடிகிற வேலை. ஸ்கேனரில் பழுதுக் குறியீடுகளை எடுக்கச் சொல்லுங்கள், ஆயில் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள், அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதிலிருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லியதாக ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். பித்தளை நிறத் துகள்களோ எஃகுச் சில்லுகளோ கிடந்து, ஆயிலும் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் போய்விட்டன என்று பொருள். அதுவரை வண்டியை மலையேற்றாதீர்கள். வழுக்குகிற கியர்பாக்ஸை ஓட்ட ஓட்ட, மீட்கக்கூடிய உறுப்புகளும் உடையும். அது பழைய பெட்டிக்காக விற்பவர் பிடிக்கும் டெபாசிட் பணத்தையே பாதிக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று விலைகளும் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கானவை. 60,000-க்கு வருவது விபத்து வண்டியிலோ உடைக்கிற வண்டியிலோ கழற்றியது. அதன் உள்ளே என்ன நிலை என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளூரில் 'ரீபில்ட்' என்றால் பெட்டியைத் திறந்து, கெட்டதை மட்டும் மாற்றி மூடுவது. முறையான ரீமேனில் பெட்டி முழுவதையும் பிரித்துக் கழுவி, உராய்வுத் தட்டுகள், சீல்கள், புஷ்கள், ஃபில்டர் எல்லாவற்றையும் புதிதாகப் போடுவார்கள். கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியைத் தனியாகச் சோதிப்பார்கள். எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை வெட்டித் திறந்து, சரிசெய்து, மறுபடி வெல்டிங் வைப்பார்கள். கடைசியில் சோதனை மேடையில் ஓட்டிப் பார்ப்பார்கள். பெயின்ட் அடித்த பழைய பெட்டியையும் ரீமேன் என்று விற்பவர்கள் உண்டு. அதனால் சீரியல் எண்ணுடன் சோதனை அறிக்கை கேளுங்கள். கன்வெர்ட்டரில் புது வெல்டிங் தடம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம்.

கொட்டேஷனில் இல்லாத செலவுகள்தான் பட்ஜெட்டை உடைக்கும். 1.5 லட்சத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்தால் 1,77,000. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 28 சதவீதம் இல்லை. பழைய விகிதத்தில் பில் போட்டால் 15,000 கூடுதலாகப் போகும். இதற்கு மேல் கழற்றி மாட்டும் கூலி 18,000, ஆயில் 8 லிட்டர் 8,800, மௌன்ட், ஆக்ஸில் சீல், கிராங்க் பின்பக்க சீல் 9,000, ரேடியேட்டர் 9,500, போக வர லாரி வாடகை 7,000, ஸ்கேனர் வேலை 2,500 என்று வையுங்கள். கிட்டத்தட்ட 55,000. ஆக 2,32,000. இதில் கூலியும் ஆயிலும் வண்டிக்கு வண்டி மாறும், எழுத்தில் வாங்குங்கள்.

ரேடியேட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் ஆயில் குளிர்வது ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கும் ஒரு கூலரில்தான். பழைய கிளட்ச் தூளும் உலோகத் துகளும் அந்தக் கூலரிலும் அதன் குழாய்களிலும் தங்கியிருக்கும். கழுவாமல் புதுப் பெட்டியை மாட்டினால் அந்தத் தூள் நேராக அதற்குள் போகும். ரீமேன் பெட்டி சில மாதங்களில் படுத்துவிடுவதற்கு அடிக்கடி இதுதான் காரணம், வாரன்டியை மறுப்பதற்கும் இதுதான் காரணம். கூலர் உள்ளே கசிந்திருந்தால் இன்னும் மோசம். கூலன்ட் ஆயிலில் கலந்து உராய்வுத் தட்டின் பசையையே கரைத்துவிடும். பழைய ஆயில் இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டரை மாற்றியே ஆக வேண்டும். உங்கள் வண்டியில் கூலர் தனியாக இருந்தால் அதையே மாற்றுங்கள். மலைப்பாதையில் ஓடும் வண்டியில் கூலரில் மிச்சம் பிடிக்கக் கூடாது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறும்போது கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் சுழலும். ஆயில் சூடாவது அங்கேதான்.

மாட்டுகிறவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கன்வெர்ட்டர் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப்பில் முழுதாக உட்கார்ந்த பிறகுதான் போல்ட் முறுக்குவாரா? உட்காராமல் போல்ட்டால் இழுத்தால் பம்ப் உடையும், புதுப் பெட்டி அன்றே வீண். மாட்டிய பின் ஸ்கேனரில் பழைய பெட்டிக்கு ஏற்ப வண்டியின் கணினி கற்று வைத்த அடாப்டேஷனை அழித்து, ஆயிலின் சூட்டை அளந்து மட்டம் பார்ப்பாரா? தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

வாரன்டியை மாதத்தில் பார்க்காதீர்கள், கிலோமீட்டரில் பாருங்கள். போக வர 60 கி.மீ., 25 நாள்: மாதம் 1,500. '12 மாதம் அல்லது 10,000 கி.மீ.' என்று எழுதியிருந்தால் உங்களுக்கு ஏழு மாதம்கூட வராது. 20,000 கி.மீ. எழுதிக் கொடுத்தால்தான் ஓராண்டு முழுதாகக் கிடைக்கும். திரும்பக் கழற்றும் கூலி யாருடையது, கூலர் கழுவிய பில் வேண்டுமா என்பதையும் பில்லிலேயே எழுத வையுங்கள். கார் இன்சூரன்ஸில் கேட்கலாமே என்று நினைக்க வேண்டாம். இயந்திரப் பழுதும் தேய்மானமும் அதில் வராது, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) இருந்தாலும் வராது. ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான் இருக்கின்றன. அதனால் கியர்பாக்ஸ் மாற்றியதற்கு ஆர்டிஓ அலுவலகம் போக வேண்டியதில்லை.

இனி கணக்கு. 2.32 லட்சம் போட்டு உடனே விற்றால் விலை கூடுவது 2 லட்சம்தான், 32,000 நஷ்டம். எனவே விற்பதற்காக மாற்றாதீர்கள். ஆர்சி 2030 வரை செல்லும். அதுவரை ஓட்டி, பிறகு 1.2 லட்சத்துக்கு விற்பதாக வையுங்கள். இன்று கிடைக்கும் 1.4 லட்சத்தையும் செலவாகச் சேர்த்தால் 48 மாதத்துக்கு 2,52,000, மாதம் 5,250. பழைய வண்டிக்கு மற்ற பழுதுகள் வரும், அதற்கு மாதம் 2,000 கூட்டினால் 7,250. மாறாக இதை விற்று 6.5 லட்சத்துக்கு வேறொரு பழைய ஆட்டோமேட்டிக் வாங்கினால், மீதி 5.1 லட்சத்துக்கு 13 சதவீதத்தில் நான்கு ஆண்டு தவணை 13,700 வரும். இதிலும் அந்த 1.4 லட்சத்தைச் செலவாகச் சேர்த்தால், கடைசியில் 3.5 லட்சத்துக்கு விற்றாலும் மாதம் 9,300 ஆகிறது. அந்த வண்டியின் கியர்பாக்ஸ் நிலையும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எஞ்சின் இன்னும் 72,000 கி.மீ. தாங்க வேண்டும். கம்ப்ரஷன், டர்போ, அடிப்பகுதித் துரு மூன்றையும் பார்த்து, ஒன்று மோசமென்றாலும் 1.4 லட்சத்துக்கு விற்றுவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். பழைய பெட்டியைத் திருப்பித் தரும்வரை விற்பவர் ஒரு டெபாசிட் பிடிப்பார்; 30,000 என்று வைத்தால் கையில் 2,62,000 வேண்டும். இதைத் தனிநபர் கடனில் மூன்று ஆண்டுக்கு எடுத்தால் வட்டி மட்டும் 60,000-ஐ ஒட்டும். சேமிப்பிலிருந்து 1,12,000 எடுங்கள், அவசரத்துக்கு 88,000 மிஞ்சும். மீதி 1.5 லட்சத்தை வங்கி நகைக்கடனில் எடுங்கள். 9.5 சதவீதம் என்றால் 12 மாதத் தவணை 13,150, மொத்த வட்டி 8,000-க்குள். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகிற கடனாக எடுக்காதீர்கள். மாதத்தவணை என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய பெட்டியைக் கழற்றிய அன்றே ஆயிலை வடித்து, துவாரங்களை அடைத்து, நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். உறையில் விரிசல் இருந்தாலோ பாகம் குறைந்தாலோ டெபாசிட்டில் பிடிப்பார்கள். திரும்பி வரும் 30,000-ஐ அப்படியே நகைக்கடனில் கட்டினால் இரண்டு மாதம் முன்னதாகவே நகை வீட்டுக்கு வந்துவிடும்.