சம்பந்திக்கு வாச்மேன், எனக்கு மாத்திரையா?

கேள்வி: எனக்கு வயது 71. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’, அதாவது இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று போன வருடம் சொன்னார்கள். பக்கவாதம் வராமலிருக்க அபிக்ஸபான் மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. விரத நாளில் மட்டும் காலை மாத்திரை போடுவதில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் சம்பந்திக்கும் இதே கோளாறுதான். குடல் புண்ணால் இரண்டு தடவை ரத்தம் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அவருக்குத் தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்தில் ‘வாச்மேன்’ என்று ஏதோ வைத்தார்கள். இப்போது அபிக்ஸபான் இல்லாமலே ஜம்மென்று இருக்கிறார். லண்டனில் இருக்கும் என் தங்கைக்கோ என்னைப் போல மாத்திரைதான். நாட்டுக்கு நாடு ஏன் இந்த வித்தியாசம்? என் டாக்டர் எதையாவது மறைக்கிறாரா? செலவைப் பற்றிக் கவலையில்லை, மகன் பார்த்துக்கொள்வான்.
- ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: உங்கள் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. பதிலில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். ‘குடல் புண்ணால் இரண்டு தடவை ரத்தம் போய்’ என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறதே, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இதயத்தின் இடது மேலறையில் காதுமடல் போல ஒரு சின்னப் பை தொங்கும். ஆளுக்கு ஆள் வடிவம் மாறும். கோழி இறக்கை, காலிஃபிளவர், கள்ளிச்செடி என்றே டாக்டர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். துடிப்பு ஒழுங்கு தப்பினால் இந்தப் பைக்குள் ரத்தம் தேங்கி உறையும். எக்கோ என்ற இதய ஸ்கேனில் பார்த்திருக்கிறேன்: முதலில் புகை சுழல்வது போலத் தெரியும், அப்புறம் ஓரத்தில் கட்டி. அது கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வு கெடாதவர்களுக்கு மேலறையில் உண்டாகும் கட்டிகளில் சுமார் 90 சதவீதம் இந்தப் பையில்தான். ரத்தத்தை உறையவிடாமல் வைப்பது மாத்திரையின் வேலை. வாச்மேன் பையின் வாசலையே அடைத்துவிடும். பெயர் பொருத்தம்தான்!

மாத்திரை ஒத்துக்கொள்ளும் ஆளுக்கு மாத்திரையே முதல் வழி. ரத்தக்கசிவால் அதைத் தொடர முடியாதவருக்குத்தான் வாசலை அடைக்கும் யோசனை வருகிறது. உங்கள் சம்பந்தி அந்த ரகம்.

சரி, நாட்டுக்கு நாடு ஏன் வித்தியாசம்? அமெரிக்காவில் 2015-ல் வாச்மேனுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. கருவியைப் பொருத்தாத வேறொரு டாக்டரிடமும் நோயாளி பேசியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. எனக்கு மிகப் பிடித்த நிபந்தனை. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். 2018-ல்தான் வழக்கமான சிகிச்சையாக ஏற்றது, அதுவும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையைச் சாப்பிட முடியாதவர்களுக்கு. உங்கள் தங்கை மாத்திரை சாப்பிட முடிகிறவர், அவ்வளவுதான்.

அமெரிக்காவுக்குள்ளேயே எல்லா ஊரும் ஒன்றில்லை. 2016 முதல் 2018 வரை அங்கே பதிவான 38,158 வாச்மேன் சிகிச்சைகளும் 495 ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. ஆஸ்பத்திரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் நாடு அது. இதயத்தின் நடுச்சுவரைத் துளைத்து மறுபக்கம் போகும் சிகிச்சையில் 25 முறையாவது கை பழகியவர்தான் இதைச் செய்யலாம் என்பது மெடிகேர் விதி. அப்படிப்பட்டவர் இல்லாத ஊரில் அந்தப் பேச்சே எழாது. இருக்கிற ஊரில் அடிக்கடி எழும்.

இது இதயத்துக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. வென்பெர்க் என்ற அமெரிக்க டாக்டர் 1973-ல் வெர்மான்ட் மாநிலக் கணக்குகளை வெளியிட்டார். ஊருக்கு ஊர் டான்சில் அறுவைச் சிகிச்சையின் அளவு மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டது. குழந்தைகளின் நோயைவிட, அந்தந்த ஊர் டாக்டர்களின் பழக்கம்தான் வித்தியாசத்துக்குக் காரணமாகத் தெரிந்தது. அதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். எனக்கும் என் தம்பிக்கும் ஒரே காலையில் டான்சில் எடுத்தார்கள். தொண்டை வலி எனக்குத்தான். துணைக்கு வந்த தம்பி வாயைத் திறந்து காட்டியதுதான் தப்பாகிவிட்டது. ஐஸ்கிரீம் மட்டும் இரண்டு பேருக்கும் கிடைத்தது.

செலவு பிரச்சினையில்லை என்கிறீர்கள். கருவி வைப்பதிலும் ஆபத்து உண்டு. நான் சொன்ன அந்த அமெரிக்கப் பதிவில், நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பெரிய சிக்கல் வந்தது. இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிவது அதில் முக்கியமானது. வைத்த கையோடு மாத்திரைக்கு முழுக்குப் போடவும் முடியாது, சில காலம் ரத்தத்தை உறையவிடாத மாத்திரை ஏதாவது ஒன்று தொடரும். சம்பந்தியிடம் கேட்டுப் பாருங்கள், ஆஸ்பிரினாவது சாப்பிடுகிறாரா என்று.

உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு. ஈறிலோ மலத்திலோ எப்போதாவது ரத்தம் வந்ததுண்டா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை கடைசியாகப் பார்த்தது எப்போது, எடை எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போங்கள். அபிக்ஸபான் அளவை முடிவு செய்ய வயதோடு கிரியேட்டினினும் எடையும் வேண்டும். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மிட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள். வாதக்காய்ச்சலால் சுருங்கிய வால்வு என்றால் வாச்மேன் பேச்சுக்கே இடமில்லை, அபிக்ஸபானும் சரிவராது, வார்ஃபரின்தான் வேண்டும்.

எனக்குக் கவலை தருவது அந்த விரத நாள்தான். இந்த மாத்திரையின் வேலை அரை நாளில் இறங்கிவிடும். காலை மாத்திரையை விட்டால் முந்தின இரவு போட்டது மதியத்துக்கு மேல் போதிய அளவில் தாங்காது. அபிக்ஸபானுக்குச் சாப்பாடு தேவையில்லை, ஒரு வாய்த் தண்ணீர் போதும். வரும் அமாவாசையன்று அதை மட்டும் விழுங்கிவிட்டு விரதத்தைத் தொடருங்கள்.