கையுறை எடையைக் காட்டாது

கேள்வி: எங்கள் வடிவமைப்புக் குழு இரண்டு ஊர்களில் பிரிந்து வேலை செய்கிறது. வாரம் இருமுறை விஆர் (மெய்நிகர் உலகைக் காட்டும்) ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒரே இயந்திர மாதிரியைச் சுற்றி நின்று பேசுகிறோம். கையில் எதுவும் தட்டுப்படாததால் எதைப் பிடித்தோம், எப்போது விட்டோம் என்பதே தெரிவதில்லை. விசை தரும் கையுறைகளை ஒரு முகவர் காட்டினார். பொருளின் எடை தெரியும், எதிர்முனையில் இருப்பவர் கைகுலுக்கினால் அப்படியே உணரலாம், 5ஜி இருந்தால் தாமதமே இருக்காது என்கிறார். எட்டுப் பேருக்கும் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் குறை உண்மையானது, ஆனால் கையுறை இல்லாமலே அதில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது தொட்ட கணமும் விட்ட கணமும்தான். அதற்குச் சின்ன அதிர்வு போதும். நம் தோல் அதிர்வை மிக நன்றாக உணர்வது நொடிக்கு 250 முறை என்ற அளவை ஒட்டி. அந்த வேலையைச் செய்யும் மோட்டார், ஹெட்செட்டோடு வரும் உங்கள் கைப்பிடிக் கன்ட்ரோலரிலேயே இருக்கிறது. பல மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அதிர்வைக் கொடுப்பதால் கை கொஞ்ச நேரத்தில் அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடுகிறது. தொடும்போது மெல்லிய துடிப்பு, பிடிக்கும்போது அழுத்தமான துடிப்பு, விடும்போது இன்னொன்று, நீங்கள் பிடித்திருக்கும் பாகத்தை இன்னொருவர் தொட்டால் இரட்டைத் துடிப்பு என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள். கூடவே ஒரு சின்ன 'டக்' ஒலி, அதிர்வோடு ஒரே நேரத்தில். வெறும் கையைக் கேமரா பார்க்கும் முறையில் வேலை செய்கிறீர்கள் என்றால் அதிர்வதற்குக் கையில் ஒன்றுமே இல்லை, கன்ட்ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. உங்கள் விரல் ஒரு உலோகத் தகட்டைத் தாண்டி உள்ளே போனாலும், திரையில் வரையப்படும் விரல் தகட்டின் மேலேயே நின்றுவிட வேண்டும். கனமான மோட்டாரைத் தூக்கும்போது, கை ஒரு அடி உயர்ந்தால் மோட்டார் அரை அடிதான் உயர வேண்டும். கண் சொல்வதைக் கை நம்பிவிடும். கனமாக இருப்பதுபோலவே தோன்றும். ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவரும் வழி இது. விற்கப் பொருள் எதுவும் இல்லாததால் எந்த முகவரும் இதைச் சொல்ல மாட்டார்.

சரி, எடைக்கு வருவோம். விசைக் கையுறைகள் பலவற்றில் விரல்களின் பின்பக்கம் ஒரு கம்பியும் அதைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கும் இருக்கும். குழாயைப் பிடித்தால் விரல் அதற்கு மேல் மடங்காது. அளவும் கெட்டித்தன்மையும் தெரியும், அவ்வளவுதான். கையுறை உங்கள் கையோடு மட்டுமே கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கையைக் கீழே இழுக்க அதற்குப் பிடிமானம் இல்லை. அதனால் எடை தெரியாது, மேஜையில் கை வைத்தால் மேஜையும் தடுக்காது. எடை வேண்டுமென்றால் கருவி மேஜையிலோ சுவரிலோ ஊன்றியிருக்க வேண்டும். 1990களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான ஃபேன்டம் கருவி அப்படி மேஜைமேல் நிற்கும் ஒரு இயந்திரக் கைதான். முகவரிடம் கையுறையை மாட்டிக்கொண்டு, விஆருக்குள் தெரியும் மேஜையை உள்ளங்கையால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

5ஜி பற்றிச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. விளம்பரத்தில் வரும் 1 மில்லி வினாடி என்பது, எல்லாம் சிறப்பாக அமைந்தால் சாதனத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே ஆகும் நேரம். அதற்கப்பால் கண்ணாடி இழைக்குள் ஒளியே 1 மில்லி வினாடியில் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். போய்த் திரும்ப வேண்டுமென்றால் 100 கிலோமீட்டர். விசையை நொடிக்கு 1000 முறை கணக்கிட வேண்டும் என்பது இத்துறையின் வழக்கம்; படத்துக்கு 90 முறை போதும். விசை தாமதமாக வந்தால் என்ன ஆகும்? சுவர் 'நில்' என்று சொல்வதற்குள் கை உள்ளே போய்விடும். அப்புறம் சுவர் அதிகமாகத் தள்ளும், கை வெளியே எகிறும், மறுபடி உள்ளே போகும். கருவி நடுங்கத் தொடங்கிவிடும். 1960களிலிருந்தே தெரிந்த சிக்கல் இது. நடுக்கத்தை அடக்க வழிகள் உண்டு, ஆனால் அடக்கினால் எல்லாமே தண்ணீருக்குள் கையை அசைப்பதுபோல மந்தமாகிவிடும்.

ஆகவே தொடு உணர்வை வலை வழியே அனுப்பவே கூடாது. இரு முனைக் கணினிகளிலும் மாதிரியின் பிரதி இருக்கட்டும். உங்கள் விரல் எதில் பட்டது என்பதை உங்கள் கணினியே கணக்கிட்டு உங்கள் கைக்குச் சொல்லட்டும். வலையில் போக வேண்டியது பொருள் எங்கே, கை எங்கே என்பது மட்டும். அப்போது தாமதம் எதிர்முனைக்காரரின் கை அசைவில்தான் தெரியும், உங்கள் தொடுதலில் தெரியாது.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்: இருவர் ஒரே பொருளை ஒரே நேரத்தில் பிடிப்பது. நீங்கள் இடப்பக்கம் இழுக்க அவர் வலப்பக்கம் இழுத்தால், இரண்டு பிரதிகளும் வேறுவேறு இடத்தில் இருக்கும். இங்கே விசை உண்மையிலேயே உதவுகிறது. இருவர் சேர்ந்து ஒரு வளையத்தைக் கம்பியில் படாமல் நகர்த்தும் ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. விசை இருந்தபோது வேலையும் நன்றாக நடந்தது, சேர்ந்திருக்கும் உணர்வும் கூடியது. 2002-இல் எம்ஐடியிலும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜிலும் இருந்தவர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரு மெய்நிகர் பெட்டியைச் சேர்ந்து தூக்கினார்கள். கவனியுங்கள், இரண்டிலும் பயன்பட்டவை ஊன்றிய கருவிகள், கையுறைகள் அல்ல. உங்கள் கூட்டங்களில் பெரும்பாலும் ஒருவர் பிடித்திருப்பார், மற்றவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். அப்படியென்றால் ஒருவர் பிடித்த பாகம் அவர் விடும்வரை அவருக்கே என்று பூட்டிவிடுங்கள். கனமான பலகையை இருவர் தூக்கிப் பொருத்த இடம் இருக்கிறதா என்று சோதிப்பதுதான் உங்கள் வேலையா? அப்போது ஊன்றிய கருவி, கம்பிவழி இணையம், இரு ஊருக்கும் நடுவில் ஒரே சர்வர் என்று போக வேண்டியிருக்கும். பொருளின் கெட்டித்தன்மையையும் குறைத்துத்தான் வைக்க வேண்டும். சராசரித் தாமதத்தை மட்டும் பார்க்காதீர்கள். அது கணத்துக்குக் கணம் ஏறி இறங்குவதுதான் கையை அதிகம் குழப்பும்.

ஒரு முனையில் நிஜ இயந்திரமே இருந்து, அதன்மேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும் ஏஆரில் வேலை செய்தால் கவலையே இல்லை. அங்கே தொடுதல் ஏற்கெனவே இருக்கிறது. மறுமுனைக்கு அந்தப் பாகத்தை 3டி அச்சில் எடுத்த நகல் ஒன்றைக் கொடுத்து, அது எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் ஒரு டிராக்கரை அதில் பொருத்துங்கள். எந்தக் கையுறையும் அதற்கு ஈடாகாது.

டெமோக்களில் ஏமாறாதீர்கள். இருவரையும் ஒரே அறையில், ஒரே ரவுட்டரில் வைத்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அதற்குமேல் மென்பொருள் சந்தா. அது நின்றால் கையுறை சும்மா கிடக்கும். விஆர், ஏஆர் கருவிகளையும் மென்பொருள்களையும் இணைக்கும் ஓபன்எக்ஸ்ஆர் பொதுத்தரம் 2019-இலேயே வந்தது. ஆனால் அதன் அடிப்படையில் இருப்பது அதிர்வின் வலிமை, வேகம், நேரம் மட்டுமே. விரலைத் தடுக்கும் விசைக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி இணைப்பு மென்பொருள் தருகிறது. இத்தனை வருடமாகியும் இதை ஒழுங்குபடுத்தாமல் வாங்குபவர் தலையில் கட்டுகிறார்கள். கொள்முதல் படிவங்களும் அப்படியே: மோட்டார் எத்தனை என்று கேட்க ஒரு கட்டம் உண்டு, தாமதத்தின் ஏற்ற இறக்கத்தைக் கேட்க இல்லை.

முகவர் விடாமல் கேட்டால் ஒரே ஒரு ஜோடியை மட்டும் ஒரு மாத வாடகைக்குக் கேளுங்கள். அதை உங்கள் இன்னொரு ஊரில், உங்கள் சொந்த மென்பொருளில், குழுவிலேயே சின்னக் கை உள்ளவர் மாட்டிப் பார்க்கட்டும். சந்தா நின்ற பிறகும் கருவி வேலை செய்யுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.