சூசோக் பெட்டியில் பன்றிக்கறி டின்

கேள்வி: என் மகன் தென்கொரியாவில் உல்சான் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கிறான். சூசோக் பண்டிகைக்குக் கம்பெனி கொடுத்த பெட்டியைத் திறந்தால் சமையல் எண்ணெய், கூடவே ஸ்பாம் என்ற பன்றிக்கறி டின். நாங்கள் முஸ்லிம்கள். திருப்பிக் கொடுத்தால் சூப்பர்வைசர் கோபிப்பாரோ என்று பயந்து அறையிலேயே வைத்திருக்கிறான். என்ன செய்வது?
- வாசகி, தேங்காய்ப்பட்டணம்

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டாம், சகோதரி. அவனைச் சீண்ட யாரும் அதைக் கொடுக்கவில்லை. எட்டாம் சந்திர மாதப் பௌர்ணமியன்று வரும் அறுவடைப் பண்டிகைக்கு, நம் ஊர்க் கடைகளில் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பது மாதிரி, அங்கே பெட்டி கொடுப்பார்கள். டின் கறி போய் மரியாதைப் பொருளா என்று தோன்றும். 1950-53 கொரியப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையோடு வந்தது ஸ்பாம், கறியே அபூர்வமாக இருந்தபோது அது கிடைத்தவர் கொடுத்துவைத்தவர், 1987 முதல் அங்கேயே தயாரானாலும் அந்த மதிப்பு போகவில்லை.

எண்ணெயை அவன் வைத்துக்கொள்ளட்டும். டின்களைக் கூட வேலை செய்யும் கொரியர் யாருக்காவது கொடுத்துவிடலாம், அவர்களே வேண்டாத பெட்டிகளைக் கைமாற்றுகிறார்கள், விற்கவும் செய்கிறார்கள். ஆனால் பயந்துகொண்டு பேசாமல் இருக்கக் கூடாது: அடுத்த சூசோக்குக்கு முன்பே, தன் மார்க்கத்தில் பன்றிக்கறி கூடாது என்று சூப்பர்வைசரிடம் நேராகச் சொல்லட்டும். சூரை மீன் டின், கிம் என்கிற கடற்பாசித் தாள், பேரிக்காய்ப் பெட்டி எல்லாமே சூசோக் பரிசுகள்தான்.

அப்புறம், லீவில் வந்து திரும்பும்போது அந்த சூப்பர்வைசருக்கு, பயறும் வெல்லமும் உருட்டிப் பொரித்த நம் முந்திரிக்கொத்து கொடுத்துவிடுங்கள். கோதுமை மாவைப் பொரித்துத் தேனில் ஊறவைக்கும் யாக்வா அங்கே பண்டிகைப் பலகாரம், அதனால் நம் பண்டம் அவருக்கு நிச்சயம் பிடிக்கும். மட்டி வாழைப்பழம் வேண்டாம், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். இரண்டு கையாலும் கொடுக்கச் சொல்லுங்கள். வாங்கியவர் பிரிக்காமல் ஓரமாக வைத்தால் வருத்தப்பட வேண்டாம், கொடுத்தவர் முன்னால் பிரிக்காதிருப்பது அவர்கள் வழக்கம்.

கேள்வி: மகள் சியோலில் எம்.எஸ். படிக்கிறாள். பேராசிரியருக்குச் சூசோக் பரிசு கொடுக்கலாமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வேண்டவே வேண்டாம். 2016 செப்டம்பரில் அமலுக்கு வந்த லஞ்சத் தடுப்புச் சட்டத்தில் ஆசிரியர்களும் அடக்கம், மதிப்பெண் போடுகிறவருக்கு மாணவி சின்னப் பொருள் கொடுத்தாலும் இருவருக்கும் சிக்கல். கையால் எழுதிய வாழ்த்து போதும். படிப்பு முடிந்து, அவர் மதிப்பெண் போடும் நிலையில் இல்லாதபோது சின்னப் பரிசு ஒன்று கொடுக்கட்டும்.